அலமாரி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். சிரிக்க வேண்டாம்.

காரணம் நண்பர் ஆரோக்கியம். சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். எங்கள் சர்ச்சுக்கு வருபவர். ஞாயிறு பூசை முடிந்ததும் நாலைந்து பேர் பூன் லேயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, புத்தகம் இரவல் வாங்கிப் போவது வழக்கம். அவரும் ஒருவர். ஒருநாள் எல்லார் முன்னாலும் அவரிடம், "அந்தப் பயணக் கதை ரெண்டு வருஷமா உங்ககிட்டதான் இருக்கு" என்றேன். மனிதர் எழுந்துபோய், என் அலமாரியின் மேல்தட்டிலிருந்தே அதை எடுத்து நீட்டினார். வெட்கமாகப் போய்விட்டது.

அறுநூறு தமிழ்ப் புத்தகம்... இனி ஞாபகத்தை நம்பலாமா? பட்டியல் போட ஒரு மெஷின் வேண்டும் என்று மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். திரையில் எழுத்து பச்சையா, மஞ்சளா? தகவல் சேமிக்கும் பிளாப்பி ஒன்று போடும் மெஷினா, இரண்டா? மெஷினுக்குத் தமிழ் தெரியுமா என்றும் கேட்டேன். தெரியாதாம். பரவாயில்லை, இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் ஒரு பிளாப்பியை எடுத்து விசிறிபோல் ஆட்டினார்.

"இது ஒண்ணு போதும் சார். உங்க புக்கு எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும் லா."

கூட வந்திருந்த என் மனைவி ஸ்டெல்லா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

எல்லாம் பார்த்த நான் வீட்டு ஹாலை மட்டும் அளந்து பார்க்கவில்லை. மூவறை வீடு. ஒரு சுவரில் இயேசு படமும் விளக்கும் — நகர்த்த முடியாது. இன்னொரு சுவரில் டிவி — அதை நகர்த்தினால் ஸ்டெல்லா நகர்ந்துவிடுவாள். மிச்சம் புத்தக அலமாரிதான்.

"அதான் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்னாரே. அப்புறம் அலமாரி எதுக்குங்க?"

"பேரு மட்டும்தான்மா அடங்கும்."

"நீங்களும் ரெண்டு வருஷமா புக்கைத் திறக்காம பேரைத்தானே பாக்குறீங்க?"

ஒரு மாதம் அவள் பெயர்களை வாசிக்க, நான் அடித்தேன். பிறகு அறுநூறையும் சர்ச் ஹாலுக்குக் கொடுத்துவிட்டேன். ஃபாதருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இப்போது எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருந்தது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை. பூசை முடிந்தால் எல்லோரும் நேரே சர்ச் ஹாலுக்குப் போய்விடுகிறார்கள். முதல் ஞாயிறு, பழக்க தோஷத்தில் ஸ்டெல்லா ஆறு பேருக்குக் காப்பி போட்டுவிட்டாள். ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தோம். உண்மையைச் சொல்கிறேன்... புத்தகம் போனதைத் தாங்கிக்கொண்டேன். மனிதர்கள் வராததைத் தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு கதவு தட்டும் சத்தம். ஆரோக்கியம்!

"வாங்க, வாங்க! உக்காருங்க. ஸ்டெல்லா, காப்பி!"

"இல்லண்ணே, பிள்ளைங்க கீழ நிக்குதுங்க. சர்ச் ஹால்ல எந்த புக்கு இருக்கு, எது இல்லன்னே தெரியல. உங்க லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்துக் குடுத்தா சுவத்துல ஒட்டிடலாம்னு ஃபாதர் கேட்டுட்டு வரச் சொன்னார்."

பிரிண்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வைக்க இடம் தேட வேண்டியதில்லை — விருந்தாளி நாற்காலிகள் சும்மாதானே கிடக்கின்றன.