திருச்சுழிக்காரி போட்ட சுழி

அருப்புக்கோட்டைப் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்க்கிறார்களோ இல்லையோ, சுழியைப் பார்க்காமல் வரமாட்டார்கள். முதுகில் முடி வலம் சுழித்திருக்கிறதா, இடம் சுழித்திருக்கிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே அடங்கியிருப்பதாகப் பேச்சு. கறிக்கடை ஸ்டீபனின் தங்கை ஈவா மதுரையில் வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, அங்கே என்னதான் செய்யப்போகிறாய் என்று கேட்ட மதினி ஞானப்பூவுக்கு இந்தச் சுழியை வைத்துத்தான் விளக்கம் சொன்னாள்.

"மாட்டுக்குச் சுழி இருக்குல்ல மதினி, மருந்துக்கும் இருக்கு. அஞ்சு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கைகோத்து வளையமா நிக்கும். மிளகு ஒறைக்குதே, அதுக்குள்ளயும் இந்த வளையந்தான். அதுல ஒரு கொப்பு மொளச்சுட்டா, வலஞ்சுழி ஒண்ணு, இடஞ்சுழி ஒண்ணுன்னு ரெண்டாயிரும். கண்ணாடியில பாத்த மாதிரி ஒண்ணுபோலவே இருக்கும். ஒடம்புக்குள்ள போனா ஒண்ணு நோயத் தீக்கும், இன்னொண்ணு சும்மா கெடக்கும், இல்லாட்டிக் கெடுக்கும்."

"அப்ப நல்ல சுழியாப் பாத்து வாங்க வேண்டியதுதான?"

"அந்தச் சந்தை எங்கயும் கெடையாது. நாமதான் பிரிக்கணும்."

ஞானப்பூ திருச்சுழியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த வருஷமே மாமியார் கண்ணை மூடிவிட்டார். "திருச்சுழிக்காரிக்குச் சுழி சரியில்ல" என்று சொந்தபந்தம் வாய் கூசாமல் பேசியது. அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நின்ற நாத்தனாருக்குத் தலைபின்னிவிட்டாள். பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு இம்புட்டுப் படிப்பு என்று கேட்டவர்களிடம், "அவ படிச்சா ஒங்க வீட்டு ஒலையா கொதிக்காமப் போகுது?" என்று திருப்பிக் கேட்டாள். ஈவா மதுரை வரை போனதில் பாதிப் புண்ணியம் அந்த வாயைச் சேரும். மீதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

அது 1987. ஈவாவின் வேலையில் முதல் படி, வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்றுவது. கரித்தூளில் படியவைத்த பல்லேடியம் அதைச் செய்யும் வினையூக்கி. கெட்டிக்கார உலோகம், தான் தேயாமல் வேலையை முடித்துத் தந்துவிடும். ஆனால் அதற்கு வலம் இடம் தெரியாது. இரண்டு சுழியையும் சரிபாதியாகச் செய்து குவித்துவிடும். அதில் ஒன்றை மட்டும் இனங்கண்டு பிடிக்க ஒரு நொதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய நொதியோ வந்தபாடில்லை.

"ஆட்டு ஈரலில் அந்த நொதி இருக்கும்மா. புதுசா, பச்சையா எங்கயாவது கிடைக்குமா?" என்றார் அவளுடைய பேராசிரியர் சங்கையா.

கறிக்கடைக்காரன் தங்கையிடம் கேட்கிற கேள்வியா அது! மதுரையில் நல்ல ஈரலெல்லாம் விடியுமுன்னே புரோட்டாக் கடைகளுக்குப் போய்விடும். ஆகவே ஞானப்பூ, சனிக்கிழமைதோறும் கடையில் அடிபிடி தொடங்குமுன் ஓர் ஈரலை எடுத்து, தூக்குவாளியில் ஐஸைக் கொட்டி அதன் நடுவே வைத்து, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடத் தொடங்கினாள். ஈவா அதை அசிட்டோனில் அரைத்து, வடித்து, உலர்த்திப் பொடியாக்குவாள். கரைசலில் அந்தப் பொடியைப் போட்டால், நொதி ஒரு சுழிக்காரனை மட்டும் பிடித்து அவன் கொப்பை ஒடித்து அமிலமாக்கும். மற்றவன் பக்கமே திரும்பாது. அப்புறம் இரண்டையும் பிரிப்பது சுலபம். பிரித்ததை ஒரு குழாயில் ஊற்றி, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை ஊடே செலுத்துவார்கள். ஒரு சுழி மிகுந்திருந்தால் ஒளி ஒரு பக்கம் திரும்பும். சரிபாதிக் கலவை என்றால் அளவு சுழியத்திலேயே, அதாவது பூஜ்யத்திலேயே நிற்கும்.

ஒளி திரும்பியது. விடுதிப் பெண்கள் அவளுக்கு 'ஈரலக்கா' என்று பேர் வைத்தார்கள். ஈவாவுக்கு அதில் பெருமைதான்.

சித்திரை வெயிலில் வந்தது வினை. உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று முடிவு செய்யக் குழு கூடவிருந்தது. நீட்டிக்காவிட்டால் படிப்பு பாதியில் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஈவா காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஈரலைப் பச்சையாகவோ வெந்ததாகவோ வாழ்நாளில் பார்த்திராத சைவக்குடும்பத்துப் பிள்ளை ரேணுகாதேவி, தோழிக்காக மூக்கைக் கட்டிக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி அரைத்துப் பொடியாக்கி வைத்தாள். ஈவா எழுந்து வந்து அதைக் கரைசலில் போட்டாள். அமிலம் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒளி அசையவில்லை. மறுபடியும் போட்டாள். மறுபடியும் சுழியம்.

"அசிட்டோன் மஞ்சளா எறங்குச்சு ஈவா. பித்தமா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள் ரேணுகாதேவி.

முன்னால் வந்ததெல்லாம் குருட்டு அதிர்ஷ்டந்தானோ என்று ஈவாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படிப்பை விட்டுவிடலாம் என்ற நினைப்போடு ஊருக்கு பஸ் ஏறினாள். வாசலில் கால் வைத்ததும் ஞானப்பூ கேட்டாள்.

"போன வாரம் ஈரல் கெடாம வந்துச்சா புள்ள? ஐஸ் கம்பெனியில கரண்டு இல்ல. இந்த வெயில்ல நாறிப் போகுமேன்னு மஞ்சப்பொடி போட்டுக் கழுவி, நல்லாக் கொதிக்க விட்டுத்தான் குடுத்துவிட்டேன்."

ஈவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "வெந்தா நொதி செத்துப் போகும் மதினி!"

"அடி ஆத்தே! ஒன் படிப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டனே. என் சுழி சரியில்லன்னு அவுக சொன்னது சரியாத்தான இருக்கு" என்று ஞானப்பூ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தச் சொல்தான் ஈவாவைச் சுட்டது. இதை இப்படியே விடக்கூடாது என்று நினைத்தாள். நொதி செத்தது சூட்டாலா, மஞ்சளாலா? கையோடு மதினியிடமே இன்னும் ஈரல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மஞ்சளில் கழுவிய பச்சை ஈரல் கொஞ்சம் சுணக்கமாக, ஆனால் வேலை செய்தது. மஞ்சள் போடாமல் அவித்தது சுழியம்.

குழுவில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் எடுத்த எடுப்பில் கேட்டார். "ஈரலில் உப்பு, கொழுப்பு என்று எவ்வளவோ இருக்கிறதே. நொதிதான் வேலை செய்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? வேகவைத்த ஈரலை வைத்துப் பார்த்தீர்களா?"

சங்கையா தரையைப் பார்த்தார். அருமையாகக் கிடைக்கிற ஈரலை வேகவைத்து வீணாக்க மனசு வராமல், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். ஈவா மெதுவாக எழுந்தாள்.

"பார்த்தோம் சார். சுழியம். மஞ்சளில் கழுவியும் பார்த்தோம்."

"மஞ்சளா! அது யாருக்குத் தோன்றியது?"

"எங்க மதினிக்கு சார்."

உதவித்தொகை நீண்டது. பட்டமும் கிடைத்தது. பின்னாளில் ஒரு கல்லூரியில் ஈவா பாடம் நடத்தியபோது, வேலை செய்யாத ஈரலை முதலில் காட்டிவிட்டுத்தான் வேலை செய்யும் ஈரலைக் காட்டுவாள்.

பட்டம் வாங்கிய வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தாள். சர்ச் ஆராதனையில் பாதிரியாரான சபை ஐயர், எதற்கு நன்றி என்று எழுதி வைத்த ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். மழை பெய்ததற்காக. மகன் சுகமானதற்காக. ஒரு கவரை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடியும் மாட்டி, சத்தமாக வாசித்தார்.

"எங்கள் மதினி ஞானப்பூ ஈரலை வேகவைத்ததற்காக. நன்றியுடன், ஈவா."

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஞானப்பூ முந்தானைக்குள் போய்விட்டாள். ஆராதனை முடிந்ததும் பெரியம்மா பொன்னுத்தாய், "என்னடி ஈரலு, கோயில்ல வச்சு?" என்று மறித்தார். சுழி சரியில்லை என்று முதலில் சொன்ன வாய் அவருடையது.

"ஒளி திரும்பாம நிக்கிற சுழி ஒண்ணு வேண்டியிருந்துச்சு பெரியம்மா. அது இருந்தாத்தான் திரும்புன கணக்கெல்லாம் நிசம்னு ஒத்துக்கிருவாக. அத எனக்குப் போட்டுக் குடுத்தது இந்தத் திருச்சுழிக்காரி. அவுக சுழியிலதான் நான் பட்டம் வாங்குனேன்."

பொன்னுத்தாய்க்குப் பாதி புரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சுழிப்பேச்சு எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு பரிமாறினாள் ஞானப்பூ. கண் சிவந்திருந்தது. சட்டியிலிருந்த ஈரலைப் புருஷனுக்குக்கூட வைக்காமல், மொத்தமாக ஈவாவின் இலையில் அள்ளி வைத்தாள்.

"இதுவும் வெந்ததுதான் புள்ள" என்றாள். "தின்னு."