எழவு வீட்டில் ஒரு நாற்காலி

வலி முதலில் இடுப்பின் வலப்பக்கம்தான் வந்தது. வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிரும்போது பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தோம். போகவில்லை. முதுகுக்கும் தொடைக்கும் பரவி அங்கேயே குடியேறிவிட்டது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அது போதாதா? என் கணவரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவேன். வேலைக்குச் சோம்பிக்கொண்டு நடிக்கிறேன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். வலியோடு போய் உங்கள் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்திருந்தால் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும்.

சேலத்தில் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் மருத்துவர்தான் முதலில் என்னை நம்பினார். இது நாட்பட்ட வலி (மூன்று மாதத்துக்கு மேலும் நீடிப்பது) என்றார். பட்ட அடி ஆறிய பிறகும் நரம்புகள் வலியைச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். நாள் முழுக்க நிற்பது, இரவு ஷிப்ட், கெட்ட தூக்கம், மனக்கவலை எல்லாம் சேர்ந்து அதை வளர்க்குமாம்.

"உங்களை மாதிரி நிறையப் பேர் இருக்காங்கம்மா. வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான்."

மாத்திரையிலும் பயிற்சியிலும் ஓரளவு தேறினேன். நெடுநேரம் தரையில் உட்கார வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில் பெரிய மாமனார் இறந்துபோனார். எங்கள் பக்கம் எழவு வீட்டில் ஆண்களுக்குப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி, பெண்களுக்கு உள்ளே பாய். நான் பந்தலிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து பெண்கள் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

"பெரியப்பா பொணமாக் கெடக்கறாரு, நீ சேருல ஏறி உக்காந்துக்கிட்டயா?" என்றார் நங்கையா.

"வலிக்குதுங்க நங்கையா. எந்திரிக்க மாட்டனுங்க."

மூலையிலிருந்து ஓர் அத்தை, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பிறகு இன்னொருவர். முட்டி, கழுத்து, குதிகால் என்று ஆளாளுக்குப் பேச்சு தொடங்கிவிட்டது. இத்தனை பேரும் இத்தனை காலம் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

நங்கையா மட்டும் சுவரைப் பிடித்தபடி நின்றார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு நாற்காலியை வரவழைத்து அவர் பக்கத்தில் போட்டேன்.

"முட்டி மடங்க மாட்டேங்குது கண்ணு. ஆருகிட்டப் போயிச் சொல்றது?" என்று என் காதோரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நடிப்பு என்று அவர் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் சேலத்துக்கு இப்போது இருவரும் சேர்ந்துதான் போகிறோம்.

என் வலி போய்விடவில்லை. இன்றைக்கு முடியுமா என்று உடம்பைக் கேட்டுத்தான் நாளைத் தொடங்குகிறேன். முடியாது என்று அது சொல்லும் நாளில், முடியாது என்று நானும் சத்தமாகவே சொல்கிறேன்.