ஊர்க் கார்டு

கேரளத்தில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மாவு அரைத்து விற்கிறேன். தள்ளியிருக்கிற கழக்கூட்டம் ஊர் ஹாஸ்டல்கள் வரை என் இட்லி மாவு போகிறது. ஆனால் என் பழைய கிரைண்டர் அடிக்கடி படுத்துக்கொள்ளும். பெரியதாக ஒன்று வாங்காவிட்டால் ஹாஸ்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அதற்குத்தான் கடன் கேட்டு பாங்குப் படி ஏறினேன்.

மானேஜர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சேச்சி, கச்சவடம் இவிடெ, ரேஷன் கார்டு அவிடெ. பின்னெ லோன் எங்ஙனெ தரும்?"

வியாபாரம் இங்கே, கார்டு அங்கே என்று அவர் கேட்டதில் தப்பில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற கெட்டிக்காரத்தனம் இது. உழைப்பு இங்கே, கார்டு ஊரில். பொங்கலுக்குக் கொடுக்கிற கரும்பும் சேலையும் விட்டுப்போகக் கூடாதே. சரி என்று ஊர் பாங்கில் போய்க் கேட்டால், தொழில் கேரளத்தில் நடக்கிறது, நாங்கள் எப்படிக் கொடுப்பது என்றார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சாயங்காலம் தினவட்டி வசூலிக்க வருகிறவர் மட்டும் ஒரு காகிதமும் கேட்டதில்லை. என் விலாசத்தில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கார்டை இங்கே மாற்றிவிடலாம் என்றதும் வீட்டில் புகைந்தது. என் கணவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார். ஊரில் பெயரை வெட்டினால் பூர்வீக வீட்டில் பங்கும் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறவில்லை.

"பேரு இல்லாத ஊருக்கு எந்த மூஞ்சியோட போக?" என்றார்.

"கோயில் கொடைக்கு ரெண்டு நாள் போற ஊருல பேரு இருக்கு. வருசம் பூரா மாவாட்டுற ஊருல நான் யாரு?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அது அவருக்குத் தெரியும். மறுநாள் புதுக் கார்டுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டு வீட்டு உரிமையாளரிடம் அவரே போனார்.

ஊருக்கு நான் தனியாகத்தான் போனேன். வட்ட வழங்கல் அலுவலகத்துக்காரர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சிட்டீங்களாம்மா? திரும்பச் சேக்கணும்னா அலைச்சல்" என்றார்.

"வெட்டுங்க சார்."

வெட்டிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், மறைப்பானேன். என் கல்யாணத்துக்குப் பிறகு என் பெயர் முதன்முதலில் ஏறிய காகிதம் அது. களியக்காவிளையில் எல்லை தாண்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுநாளைக்கு எவ்வளவு அரிசி ஊறப்போட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

இங்கே புதுக் கார்டு வருவதற்குள் செருப்பு தேய்ந்தது. கடனும் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. மீதிக்கு வளையலைக் கழற்றினேன். கிரைண்டர் வந்த வாரம் தினவட்டிக்காரரின் பாக்கியைத் தீர்த்து, இனி வரவேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்.

"அக்கா, மழ பிடிச்சு கச்சவடம் படுத்தா பாங்குக்காரன் பொறுக்க மாட்டான். அப்போ ஊருக்கு ஓடத்தானே போறீங்க?"

"ஓடுறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றேன். "கார்டே இங்கதான்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் உள்ளே போய் உளுந்தைக் கழுவினேன்.