அமுதவல்லி நிறுத்திவைத்த டீசல் டேங்குகள்

அமுதவல்லி மாரடைப்பில் இறந்த செய்தி, எங்கள் பட்டறை முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் படமாக வந்தது. கைகூப்பி நிற்கும் முதலாளி பெரிதாக. மூலையில் அமுதவல்லி, ஸ்டாம்பு அளவில். கீழே, 'எங்கள் தரத்தின் தாய்'. படத்தை உடனே அழித்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். அவர் குரும்பகரத்துக்காரர், தகட்டை அமுக்கி வளைக்கும் இரும்பு அச்சுகளை வடிவமைக்கும் பொறியாளர். நான் தகடு வளைக்கும் மெஷின் ஓட்டுகிறவன். வளைத்த தகடு, அழுத்தம் நீங்கியதும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். மேலச்சின் முனை மழுங்கலாகவும் கீழச்சின் பள்ளம் அகலமாகவும் இருந்தால் இன்னும் விரியும். "அமுக்கும்போது எல்லாம் சரியாத்தாங்க இருக்கும். விட்ட பிறகு எங்க நிக்குதுன்னு பாருங்க" என்பார்.

விசைப்படகுகளுக்கு டீசல் டேங்க் செய்யும் ஆர்டர் வந்தது. புது அச்சு வாங்க மனமில்லாத முதலாளி, கனத்த தகட்டுக்கான பழைய அச்சிலேயே மெல்லிய தகட்டை வளைக்கச் சொன்னார். மூலைகள் வாய் பிளந்து நின்றன. சுத்தியலால் அடித்து நெருக்கி, அப்படியே வெல்டிங் வைக்கவைத்தார். பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்தது.

அமுதவல்லி ஒரு டேங்கில் தண்ணீர் நிரப்பி, ஓடும் ஜெனரேட்டர் மேல் கட்டிவைத்தார். அதிர்வில் மூலை விட்டு ஒழுகியது.

"மேல இன்னொரு வெல்டிங் போட்டு அனுப்புங்கம்மா. கடல்ல வந்தா பாக்கப் போறோம்?" என்றார் முதலாளி.

"என்ஜின் சூட்டுல டீசல் சொட்டுனா படகோட எரிஞ்சு போவாங்க சார். சோறு எப்புடி இறங்குது உங்களுக்கு?"

ஆர்டர் கொடுத்த படகுக்காரரை அமுதவல்லியே கருக்களாச்சேரியிலிருந்து வரவழைத்து ஒழுகலைக் காட்டினார். ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று ஆனபிறகுதான் புது அச்சு வந்தது: கூரிய முனை, குறுகிய பள்ளம். வேண்டியதைவிட ஒரு நூல் கூடுதலாக வளைத்தோம். விட்டதும் சரியான கோணத்தில் வந்து நின்றது. அந்த டேங்குகள் இன்றும் கடலில் இருக்கின்றன.

அமுதவல்லிக்குக் கிடைத்தது கழிவுத் தகடு எடைபோடும் வேலை. பொறுக்காமல் விலகினார். வேறு பட்டறைகளுக்குப் போன் போட்டு, "அந்தம்மா வம்பு புடிச்சவங்க" என்று சொன்னதும் இதே முதலாளிதான்.

தலத்தெருவில் அமுதவல்லி வீட்டுக்குத் துக்கம் கேட்க முதலாளி பெரிய மாலையோடு வந்தார். அழுதுகொண்டிருந்த கணவரிடம், "இப்புடித் திரும்புங்க, போட்டோல முகம் விழல" என்றார். பிறகு என்னிடம், "இரங்கல் கூட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"இருக்கு சார். இங்கயே சொல்லிடட்டுமா?" என்றேன். செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்.

அமுதவல்லியைப்போல வடிவமைக்க எனக்கு வராது. ஆனால் பெயின்ட் அடித்த பொய்யைக் கண்டால் அவருக்கு வரும் அருவருப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதை நான் ஆறவிடப் போவதில்லை.