முனிக்கு விட்ட மொட்டைக் கடா

என் அக்காள் கணவர் வீரமுத்து, மலேசியாவில் லாபிஸ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் உரம் போட்டவர். மரத்துக்குக் காலி மைலோ டின்னால் ஒரு வீச்சு. தன் கையளவு தப்பாது என்பது அவருடைய கர்வம். அந்தக் கர்வத்தோடு ஓய்வு பெற்று ஆடு வளர்த்தார், என் அக்காளின் பொறுமையையும் தீர்த்தார்.

ஆடுகள் நன்றாகத்தான் இருந்தன. பிறக்கும் குட்டிகள்தான் எழுந்து நிற்கவில்லை. கால் விறைத்து, இரண்டு நாள் கிடந்து செத்துப்போகும். ஏழாவதைப் புதைத்த அன்று மாமா அழுதார். நான் பார்க்காத மாதிரி சிகரெட் பற்றவைத்தேன்.

கால்நடை அலுவலகத்திலிருந்து ஷாமளா வந்து புல்லை எடுத்துப்போய்ச் சோதித்தார். இந்த மண்ணில் செலினியம் என்ற சத்து குறைவு, அதனால் நேப்பியர் புல்லிலும் இல்லை, அதைத் தின்னும் சினையாட்டின் குட்டிக்குச் சதையில் பலம் இல்லை என்றார். செலினியம் கலந்த உரம் ஒரு மூட்டை கொடுத்து, அளவை அதன்மேல் எழுதி ஒட்டினார்.

"அங்கிள், இது கூடுனா விஷம் லா. எழுதுனதுக்கு மேல ஒரு பிடி போடாதீங்க."

மாமா இரண்டு பக்கமும் ஆள் பிடித்துவைப்பவர். அன்று சாயங்காலமே முனியாண்டி கோயிலுக்குப் போய், ஒரு குட்டியாவது எழுந்து நின்றால் கடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார்.

சினையாடுகளின் புல்லுக்கு அக்காள் பக்கத்தில் நின்று அளந்து போடவைத்தாள். முனிக்கு விட்ட கடாவுக்குக் கொட்டகைக்குப் பின்னால் தனிப் புல் பாத்தி. அங்கே மைலோ டின் வேலை செய்தது. சாமிக்குப் போவது புஷ்டியாகப் போகட்டும் என்று ஆறு டின் வீசினார்.

அடுத்த ஈற்றில் ஒரு கடாக்குட்டி பிறந்தது. நின்றது, விழுந்தது, மறுபடி நின்றது. மாமா அதன் முன் மண்டியிட்டுக் கைதட்டினார்.

அதே மாதம் பெரிய கடாவுக்கு முடி கொட்டியது, குளம்பு வெடித்தது. வாயைத் திறந்தால் பூண்டு வாடை. ஷாமளா பாத்தியைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். புல்லை மாற்றினால் கடா தேறும் என்றார். மீதியை மலாய் மொழியில் திட்டினார்.

முனிக்குச் சொன்ன தேதி வந்துவிட்டது. பூசாரி ஐயாசாமி மொட்டைக் கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கடா சிலிர்த்தால்தான் சாமிக்குச் சம்மதம். சிலிர்க்க அதனிடம் என்ன இருக்கிறது? மூன்று செம்பு ஊற்றியும் அசையவில்லை. மாமா குட்டியையும் சாமி கும்பிடக் கூட்டி வந்திருந்தார், அவர் புத்தி அப்படி. மிச்சத் தண்ணீரைப் பூசாரி அதன்மேல் ஊற்றினார். அது வால் வரை உதறி அவர் வேட்டியை நனைத்தது.

"சம்மதம் குடுத்துருச்சு," என்று பூசாரி கத்தியை எடுத்தார்.

மாமா குட்டியைத் தூக்கிக்கொண்டார். முனியின் சிலை பக்கம் திரும்பினார். எனக்குப் பயம்தான், முனி விளையாட்டுக்காரர் இல்லை.

"ஐயா, இது நிக்கணும்னுதான் உன்கிட்ட வந்தேன். இதையே எடுத்துக்கிட்டா, அப்புறம் நீ எனக்கு என்ன செஞ்ச?"

மாமா சுருட்டும் ஒரு ஸ்டவுட் பீர் பாட்டிலும் வைத்து, கடாவுக்கு முடி முளைக்கும் வரை வாய்தா வாங்கினார்.

லோரியில் வீடு திரும்பும் வழியெல்லாம் குட்டி அவர் மடியில் நின்றுகொண்டே வந்தது. குளம்பு தொடையைக் குத்தியது. மாமா அதை உட்காரவைக்கவே இல்லை.