பேத்தியின் துணிக்குப் போகித் தீ

போகியன்று மகள் தன் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து கள்ளிக்குப்பத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வீடு பளிச்சென்று இருக்கட்டுமென்று, அலமாரியில் கிடந்த பழந்துணி மூட்டையை யாரையும் கேட்காமல் விடியற்காலையிலேயே எரித்துவிட்டேன்.

வந்ததுமே பேத்தி சுற்றியிருந்த துணியை ஈரமாக்கிவிட்டாள். மனைவி அலமாரியைத் திறந்தாள்.

“ஏங்க, குழந்தைக்குன்னு துவைச்சு வெச்ச பழைய புடவையெல்லாம் எங்கே?”

வாசலில் இருந்த சாம்பலைக் காட்டினேன். மகள் அழுதேவிட்டாள்.

“இன்னா நைனா, கொயந்த துணியவா கொளுத்திட்டே? புதுத்துணி மொரமொரன்னு இர்க்குமே, பச்ச ஒடம்பு தாங்குமா?” என்றார் பக்கத்து வீட்டம்மா.

வீட்டில் மிஞ்சிய மெத்தென்ற பழந்துணி, குளித்துவிட்டு நான் அப்போதுதான் கட்டியிருந்த சலவை வேட்டி மட்டுமே.

“அவுத்துக் குடுங்க,” என்றாள் மனைவி.

துண்டோடு நின்ற என்னைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. இப்போதெல்லாம் போகிக்கு என் கிழிந்த பனியனை எரிப்பதானாலும் மனைவியிடம் அனுமதி கேட்கிறேன்.