ஆன்ட்டி கேட்ட காப்பி

எங்கள் அம்மாவுக்கு லேமினேஷன் பைத்தியம். ஈரோட்டிலிருந்து கேட்டி என்ற அமெரிக்க ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சான்றிதழ்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தன. அது போதாதென்று ஒரு கராஜ் சேலில் பழைய லேமினேஷன் மெஷின் ஒன்றை வாங்கி, சமையலறையில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் குடிவைத்துவிட்டார். என் தடுப்பூசி அட்டைகூட அதன் வாய்க்குள் போய் வந்ததுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பள்ளியில் மெக்சிகோவைப் பற்றி ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். புரட்சி முடிந்தபின் பண்ணையார்களின் நிலத்தை அரசாங்கம் எடுத்து ஊர் ஊராக உழவர்களுக்குக் கொடுத்தது, புரட்சியின் பெயரைச் சொல்லியே ஒரு கட்சி எழுபது வருஷம் ஆண்டது என்றெல்லாம் சார்ட்டில் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, “எல்லா ஊர்லயும் இதே கதைதான்” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போனார். அசல் பொருள் ஏதாவது கொண்டுவந்தால் கூடுதல் மதிப்பெண் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டில் மெக்சிகோக்கார ஆன்ட்டி ஒருவர் தனியாக இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, அம்மாவுக்கு ஸ்பானிஷ் வராது. பள்ளியில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசியதால், நடுவில் நான்தான் துபாஷி. நான் கேட்டதும் ஆன்ட்டி துணிப்பை ஒன்றோடு வந்தார். அவருடைய அப்பாவுக்கு ஊர் நிலத்தில் கிடைத்த பங்குக்கான பத்திரம் அதில் இருந்தது. மஞ்சளேறி, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஓரத்தில் கழுகு போட்ட ஊதா முத்திரை. சட்டம் மாறிவிட்டது, ஊர் நிலத்தை ஆளாளுக்குத் தனிப்பட்டா போடுகிறார்கள், ஜூனில் போய் இதைக் காட்ட வேண்டும் என்று எனக்காக மெதுவாகச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, “கோப்பியா, கோப்பியா” என்று விரலை ஆட்டினார்.

“காப்பியா? உக்காருங்க, ரெண்டே நிமிஷம்” என்று அம்மா முகமெல்லாம் சிரிப்பாகப் பால் வைக்கப் போனார்.

ஸ்பானிஷில் அது நகல். நகல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்குப் புரிந்தது, ஆனால் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கழுகோடு அசலே வேண்டியிருந்தது. ஆன்ட்டி எதிர்பாராமல் வந்த டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, எங்களை நம்பிப் பத்திரத்தை வைத்துவிட்டுப் போனார்.

கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. திருப்பிக் கொடுக்கும் முன் அம்மா பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பாவம் கண்ணு, மடிப்புல விட்டுப்போச்சு. இப்படியே குடுத்தா நல்லாவா இருக்கும்?” என்றபடி மெஷினைப் போட்டார். அதை வாங்கிய ஆன்ட்டி தடவித் தடவிப் பார்த்தார். சந்தோஷத்தில்தான் தடவுகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். நானும்தான்.

ஜூனில் ஊருக்குப் போன ஆன்ட்டி, இரண்டே வாரத்தில் திரும்பி நேரே எங்கள் சமையலறைக்கு வந்தார். பத்திரத்தை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, என்னிடம் படபடவென்று பேசினார். அந்த வேகத்தில் எனக்கு “நோ வாலே” என்பது மட்டும்தான் பிடிபட்டது. விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களைப் பார்த்து நாங்கள் கத்துவது அது. செல்லாது, செல்லாது! நான் மறைத்தது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“என்ன கண்ணு சொல்றாங்க?” என்றார் அம்மா.

“லைக் பண்றாங்கம்மா. தேங்க்ஸ் சொல்றாங்க.”

அம்மா பூரித்துப் போனார். “இன்னும் பேப்பர் இருந்தாக் கொண்டாரச் சொல்லு, போட்டுத் தரலாம்.” பாவி நான், அதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

ஆன்ட்டி பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

சில வருஷம் கழித்து மெக்சிகோவிலிருந்து வந்து சேர்ந்த அவருடைய மகள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பழைய பத்திரத்தின் மேலேயே புது முத்திரை குத்த வேண்டுமாம். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லையாம். உறையைப் பிரித்துவிட்டு வா என்று ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தவணையும் போய், நிலம் ஆன்ட்டியின் சித்தப்பா ஒருவர் பெயருக்கு மாறிவிட்டது.

அன்றைக்கு ஆன்ட்டி என்மேல் புகார் சொல்ல வரவில்லை. இந்த மெஷின் போட்டதை இந்த மெஷினே எடுத்துவிடுமா என்று கேட்க வந்திருந்தார்.